ஜாதிக்காய்க் கன்றின் பாலறியும் பரீட்சை: உஷ்ணமும் எழுத்துப் பொருத்தமும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில், சமவெளியின் வெப்பம் தணிந்தும் உச்சிமலையின் குளிர் தொடங்காமலும் உள்ள இடத்தில் பர்லியார் அமைந்திருக்கின்றது. இங்குள்ள அரசாங்கத் தோட்டக்கலைப் பண்ணை 1871ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மங்குஸ்தான், துரியன், கிராம்பு, ஜாதிக்காய் முதலிய கீழ்த்திசைத் தீவுகளுக்குரிய மரங்கள், அவற்றிற்கு வேண்டிய மிதமான உஷ்ணமும் ஈரமும் இவ்விடத்தில் ஒருங்கே கிடைத்தலால், இங்கு நன்கு வளர்ந்து பயன் தருகின்றன. இம்மரங்களுள் ஜாதிக்காயைப் பயிரிடுவோர்க்கு நெடுநாளாக இருந்துவரும் சங்கடம் ஒன்று உண்டு. அதனைத் தீர்க்கக்கூடிய டி.என்.ஏ. பரீட்சை எவ்வாறு நடைபெறுகின்றது என்பதும், எக்காரணங்களால் அது பிழைபடக்கூடும் என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

பயிரிடுவோரின் சங்கடம்

ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காயும் பத்திரியும் பெண் மரத்திலேயே கிடைக்கும். விதையிலிருந்து எழும் கன்றுகளில் ஏறக்குறையப் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் அமைவது இயல்பு. மகரந்தத்திற்காகப் பத்துப் பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் இருந்தாற் போதுமானது. ஆகவே நூறு கன்று நட்டவர்க்குச் சுமார் ஐம்பது ஆண் மரங்கள் கிடைக்க, அவற்றுள் நாற்பதுக்கு மேற்பட்டவை வீணாக இடத்தை அடைத்துக் கொண்டு நிற்கும்.

எது ஆண், எது பெண் என்பது பூத்த பின்னரே விளங்கும். விதைக்கன்று முதன்முதலாகப் பூப்பதற்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை செல்லும். அதுகாறும் எருவும் நீரும் கூலியும் ஆண் கன்றுக்கும் பெண் கன்றுக்கும் ஒன்றாகவே செலவாகின்றன. இலையின் வடிவு, விதையின் பருமன், கிளை பிரியும் விதம் ஆகியவற்றைக் கொண்டு கன்றிலேயே பாலறியலாம் என்று சொல்வோர் உண்டு. எனினும் இவ்வடையாளங்கள் நம்பத்தகுந்தனவல்ல. ஆதலால், இலையில் ஒரு சிறு துண்டை எடுத்து, அதிலுள்ள டி.என்.ஏ.வைச் சோதித்துப் பாலறியும் முறையை ஆராய்ச்சியாளர் நாடலாயினர். இம்முறையின் உயிர்நிலை பிரைமர் என்னும் சிறு துண்டு சரியான இடத்தில் ஒட்டுவதிலேயே இருக்கின்றது.

எழுத்துக்களும் அவற்றின் இணைகளும்

உயிரணுவிலுள்ள டி.என்.ஏ. என்பது ஒன்றோடொன்று முறுக்கிய இரு நீண்ட இழைகளாகும். ஒவ்வோர் இழையிலும் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு மூலப்பொருள்கள் மாறிமாறித் தொடர்ந்து வருகின்றன. இவற்றை முறையே ஏ, டி, ஜி, சி என்னும் எழுத்துக்களாகக் குறிப்பது வழக்கம். ஓர் இழையில் ஏ உள்ள இடத்திற்கு நேராக மற்றோர் இழையில் டி இருக்கும். ஜி உள்ள இடத்திற்கு நேராக சி இருக்கும். ஏ–டி இணையை இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புக்களும், ஜி–சி இணையை மூன்று ஹைட்ரஜன் பிணைப்புக்களும் பற்றிக் கொண்டிருக்கின்றன. ஆதலால் ஜி–சி இணை மிகுந்த பகுதியைப் பிரிப்பதற்கு அதிக உஷ்ணம் வேண்டும்.

பிரைமர் என்பது ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் ஒற்றை இழைத் துண்டு. பெரும்பாலும் இதில் 18 முதல் 25 வரை எழுத்துக்கள் இருக்கும். இதன் எழுத்துக்களுக்கு இணையான எழுத்துக்கள் மரத்தின் டி.என்.ஏ.வில் எவ்விடத்தில் வரிசையாக உள்ளனவோ அவ்விடத்தில் இது சென்று ஒட்டும். ஒட்டிய பின், பாலிமரேஸ் என்னும் நொதி அத்துண்டின் ஒரு முனையிலிருந்து புதிய எழுத்துக்களைச் சேர்த்துக்கொண்டே போகும். அந்த முனையை இங்கு வளர்முனை என்று வைத்துக் கொள்வோம். பிரைமர் ஒட்டினாலன்றி நொதி வேலையைத் தொடங்காது.

1983இல் அமெரிக்காவில் கேரி மல்லிஸ் என்பவர் இதனைக் கொண்டு ஒரு முறையை வகுத்தார். பாலிமரேஸ் தொடர்வினை எனவும், பி.சி.ஆர். எனவும் வழங்கும் இம்முறைக்காக 1993இல் அவர் நோபல் பரிசு பெற்றார். முதலில் சுமார் 94 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இரட்டை இழை பிரிக்கப்படுகின்றது. பின்னர் உஷ்ணம் 50 முதல் 65 டிகிரிக்குள் தணிக்கப்பட, இரண்டு பிரைமர்களும் தத்தம் இடங்களில் ஒட்டுகின்றன. அதன்பின் 72 டிகிரியில் நொதி இழையை நீட்டுகின்றது. இம்மூன்றும் சேர்ந்து ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் வேண்டிய பகுதி இரட்டிப்பாவதாகக் கொண்டால், 30 சுற்றுக்களில் ஒன்று 107 கோடியாகப் பெருகும். இவ்வாறு பெருகியதை ஜெல் என்னும் கூழ்ப்பலகையில் இட்டு, மின்சாரத்தைச் செலுத்திச் சாயமேற்றினால், அது ஒரு கோடாகத் தெரியும். அக்கோட்டைக் கொண்டே முடிவு கூறப்படுகின்றது.

உஷ்ணத்தின் பங்கு

பிரைமரும் அது ஒட்டும் இழையும் சேர்ந்த இணையில் பாதி பிரிந்தும் பாதி சேர்ந்தும் இருக்கும் உஷ்ணத்தை உருகுநிலை என்பர். சுமார் 20 எழுத்துக்கள் வரையிலுள்ள சிறு துண்டுகளுக்கு இதனை உத்தேசமாகக் கணிக்க எளிய விதி ஒன்று உண்டு. ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 டிகிரியும், ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 டிகிரியும் வைத்துக் கூட்டவேண்டும். இருபதெழுத்துப் பிரைமரில் ஏ, டி பத்தும், ஜி, சி பத்தும் இருப்பின், உருகுநிலை 20உம் 40உம் சேர்ந்து 60 டிகிரியாகின்றது. ஒட்டவைக்கும் உஷ்ணத்தை இதனினும் சுமார் 5 டிகிரி குறைத்து வைத்துத் தொடங்குவது வழக்கம். கரைசலிலுள்ள உப்பின் அளவையும் மக்னீசியத்தின் அளவையும் பொறுத்து இது சற்று மாறும்.

உஷ்ணத்தை மிக உயர்த்தினால், முற்றும் பொருந்திய இடத்திலும் பிரைமர் நிலைத்து நில்லாது. கோடு தோன்றாமற் போகும். மிகத் தாழ்த்தினால், அரைகுறையாகப் பொருந்திய இடங்களிலும் ஒட்டிவிடும். வேண்டாத கோடுகள் தோன்றும். ஆதலின் உஷ்ணத்தைப் பயிரில் நல்விதையைப் பதரினின்று பிரிக்கும் முறத்திற்கு ஒப்பிடலாம். மெல்லெனப் புடைத்தால் பதர் தங்கும். மிகையாகப் புடைத்தால் மணியும் சிதறும்.

இவ்வுண்மை இம்முறையின் சரித்திரத்திலேயே புலனாயிற்று. தொடக்கத்தில் கையாண்ட நொதி 37 டிகிரி உஷ்ணத்தில் வேலை செய்வது. 94 டிகிரியில் அது கெட்டுவிடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சேர்க்கவேண்டியிருந்தது. அத்துடன், 37 டிகிரியில் பிரைமர்கள் வேண்டாத இடங்களிலும் ஒட்டி நீண்டமையால் தவறான பொருள்களும் மிகுதியாக விளைந்தன. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுக்களில் 1960களில் கண்டறியப்பட்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த டாக் என்னும் நொதி, கொதிநிலையை அண்மிய உஷ்ணத்தையும் தாங்கவல்லது. இதனைப் பயன்படுத்திய முறை 1988இல் வெளியிடப்பட்டபோது, ஒட்டவைத்தலையும் நீட்டுதலையும் உயர்ந்த உஷ்ணத்தில் நடத்த முடிந்தமையால், வேலை குறைந்ததோடு முடிவின் தூய்மையும் மிகுந்தது.

எழுத்துப் பொருந்தாமை

மரத்தின் டி.என்.ஏ.வில் பிரைமர் ஒட்டவேண்டிய இடத்தில் ஓரெழுத்து மாறியிருந்தால் அதனைப் பொருந்தாமை என்கின்றோம். நீண்ட இழைகளில் நூற்றுக்கு ஓரெழுத்துப் பொருந்தாமற் போயின், உருகுநிலை சுமார் ஒரு டிகிரி குறைகின்றது. இருபது எழுத்தில் ஒன்று என்பது நூற்றுக்கு ஐந்தாகும். ஆகவே இருபதெழுத்துப் பிரைமரில் ஒரு பொருந்தாமை உருகுநிலையைச் சுமார் 5 டிகிரியோ அதற்கு மேலுமோ குறைக்கவல்லது. பொருந்திய இடத்தையும் பொருந்தாத இடத்தையும் பிரித்துக் காட்டுவது இச்சிறு வித்தியாசமே. உஷ்ணம் உரிய அளவில் இருந்தால் இவ்வித்தியாசம் வேலை செய்யும், தாழ்ந்தால் மறைந்துவிடும்.

எண்ணிக்கையில் பார்த்தால் இதன் அளவு விளங்கும். பொருந்தாமை எதனையும் அனுமதியாத இருபதெழுத்துப் பிரைமருக்கு ஒட்டக்கூடிய எழுத்துவரிசை ஒன்றே. ஓரெழுத்து வரை பொருந்தாமற் போகலாம் எனின், அத்தகைய வரிசைகள் 61 ஆகின்றன. ஈரெழுத்து வரை எனின் 1,771 ஆகின்றன. உஷ்ணம் சில டிகிரி தாழும்போது பிரைமருக்குத் திறந்துவிடப்படும் வாயில்கள் இவ்வளவு பெருகுகின்றன.

பொருந்தாமை எவ்விடத்தில் உள்ளது என்பதும் முக்கியம். துண்டின் நடுவே இருந்தால் இருபுறமும் பற்றுக் குறைந்து இணை தளர்கின்றது. வளர்முனைக்கு எதிர்முனையில் இருந்தால் அவ்வளவு தீங்கில்லை. அம்முனை சற்று விலகி நின்றாலும் நொதியின் வேலை நடைபெறும். வளர்முனையிலேயே இருந்தாலோ, பிரைமர் ஒட்டியிருந்தும் நொதி எழுத்தைச் சேர்க்கத் தயங்கும். எவ்வெழுத்துக்கள் எதிரெதிராக நிற்கின்றன என்பதையும் இது பொறுத்தது. 1990இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வளர்முனையில் ஏ எழுத்துக்கு எதிரே ஜி, அல்லது சி எழுத்துக்கு எதிரே சி நின்றபோது விளைவு ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகக் குறைந்தது. டி எழுத்துக்கு எதிரே ஜி நின்றபோது பெரிய குறைவு காணப்படவில்லை. ஆகையால் ஆண், பெண் என்னும் வேற்றுமை ஓரெழுத்தினால் மட்டும் அமைந்திருக்குமாயின், அவ்வெழுத்து வளர்முனைக்கு நேராக வருமாறு பிரைமரை வகுப்பர்.

இங்கு மறைவான ஆபத்து ஒன்றும் உண்டு. தவறான இடத்தில் ஒட்டிய பிரைமர் ஒருமுறை நீட்டப்பட்டுவிட்டால், அப்பிரைமரின் எழுத்துக்களே புதிய இழையின் பகுதியாகிவிடுகின்றன. அடுத்த சுற்றுக்களில் அவ்விழையைப் பார்த்துப் பிரதி செய்யும்போது பிரைமர் ஒட்டும் இடம் முற்றும் பொருந்தியதாகவே அமையும். முதற் சுற்றில் நேர்ந்த பிழை பின்னர்ப் பிழையாகவே தோன்றாது. உண்மையான விளைவைப் போன்றே கோடிக்கணக்காகப் பெருகும். எனவே முதற் சில சுற்றுக்களில் உஷ்ணத்தைச் சற்று உயர்வாக வைத்து, பின்னர்ப் படிப்படியாகத் தாழ்த்தும் முறையும், முதற்கண் நன்கு சூடேறிய பின்னரே வேலை தொடங்கும்படி அமைத்த நொதியும் வழக்கத்திற்கு வந்துள்ளன.

ஜாதிக்காயிலும் பப்பாளியிலும் கண்டவை

1990இல் அமெரிக்காவில் ஒரு குழுவினர், பத்தெழுத்துள்ள ஒரே பிரைமரைக் கொண்டு, எழுத்துவரிசை முன்னர் அறியப்படாத எவ்வுயிரின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை வெளியிட்டனர். ஜாதிக்காய் போன்று ஆராய்ச்சி குறைந்த மரங்களுக்கு இஃது ஏற்றதாயிருந்தது. 2000ஆம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சியாளர் இம்முறையால், பெண் ஜாதிக்காய் மரங்களில் தோன்றி ஆண் மரங்களில் தோன்றாத ஒரு கோட்டைக் கண்டதாக அறிவித்தனர்.

இது நல்ல தொடக்கமாயினும், பத்தெழுத்துப் பிரைமரின் இயல்பை மறத்தலாகாது. அதில் ஜி, சி ஏழும், ஏ, டி மூன்றும் இருப்பின் முன் கூறிய விதிப்படி உருகுநிலை 34 டிகிரியே. ஆகவே இம்முறையில் 36 டிகிரியை ஒட்டிய தாழ்ந்த உஷ்ணமே வழக்கமாகக் கையாளப்படுகின்றது. ஒட்டுதலும் ஒட்டாமையும் எல்லையில் நிற்பதால், ஓரெழுத்து மாறினும், கருவியின் உஷ்ணம் சிறிது வேறுபடினும், மக்னீசியம் கூடினும் குறையினும் சில கோடுகள் மறையும், சில புதிதாகத் தோன்றும். ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ட கோடு மற்றோர் ஆய்வுக்கூடத்தில் காணப்படாமற் போவது இம்முறையில் நன்கறிந்த குறை. மேலும், பத்தெழுத்து வரிசை தற்செயலாகச் சுமார் பத்தரை லட்சம் எழுத்துக்களுக்கு ஒருமுறை வரக்கூடும். இருபதெழுத்து வரிசையோ ஒரு லட்சம் கோடிக்கு மேற்பட்ட எழுத்துக்களில் ஒருமுறையே வரக்கூடும்.

இக்குறையை நீக்க, பயனுள்ள கோட்டை ஜெல்லிலிருந்து வெட்டியெடுத்து, அதன் எழுத்துவரிசையை அறிந்து, அதற்கேற்ப 20 எழுத்தும் அதற்கு மேலும் உள்ள இரண்டு பிரைமர்களைப் புதிதாக வகுக்கின்றனர். இவை 55 முதல் 65 டிகிரி உஷ்ணத்தில் ஒட்டுவதால் பொருந்தாத இடங்கள் விலக்கப்படுகின்றன. பப்பாளியில் இவ்வழி நன்கு வெற்றி பெற்றிருக்கின்றது. ஹவாய்த் தீவில் நடைபெற்று 2002இல் வெளியான ஆராய்ச்சியில், ஆண் செடியிலும் இருபாற் செடியிலும் மட்டும் கோடு தரும் பிரைமர்கள் வகுக்கப்பட்டன. அவற்றோடு, பால் எதுவாயினும் எல்லாச் செடிகளிலும் கோடு தரும் மற்றொரு பிரைமர் இணையும் சாட்சியாகச் சேர்க்கப்பட்டது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.2, கோ.5 போன்ற, ஆண் பெண் தனித்தனியான பப்பாளி ரகங்களைப் பயிரிடுவோர்க்கும் இத்தகைய பரீட்சையின் பயன் எளிதில் விளங்கும்.

கோடு இல்லாமையின் பொருள்

மேற்கூறிய இரு பயிர்களின் பரீட்சைகளும் ஒரு முக்கிய அம்சத்தில் மாறுபடுகின்றன. பப்பாளிப் பரீட்சையில் கோடு ஆணையோ இருபாலையோ குறிக்கும். கோடு இல்லாமை பெண்ணைக் குறிக்கும். ஜாதிக்காயில் 2000இல் அறிவித்த கோடோ பெண்ணைக் குறிப்பது. கோடு இல்லாமையே ஆணுக்கு அடையாளம். ஆனால் கோடு தோன்றாமைக்கு வேறு காரணங்களும் உண்டு. உஷ்ணம் மிகுந்திருக்கலாம். பிரைமர் ஒட்டுமிடத்தில் அம்மரத்திற்கு ஓரெழுத்து மாறியிருக்கலாம். வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வழிகளில் வந்த மரங்களின் சந்ததியில் இஃது எதிர்பார்க்கத்தக்கதே. அன்றியும், முதிர்ந்த இலையிலுள்ள துவர்ப்புப் பொருள்களும் பிசினும் டி.என்.ஏ.வோடு கலந்து வந்து நொதியைத் தடுத்திருக்கலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் ஜெல்லில் தெரிவது வெற்றிடமே.

ஐம்பது பெண் கன்றுகளுள் பத்தில் ஒரு பங்கில் இவ்வாறு பரீட்சை பலிக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், ஐந்து பெண் கன்றுகள் ஆணெனத் தீர்மானிக்கப்பட்டுப் பிடுங்கி எறியப்படும். பிடுங்கிய கன்று பூத்துக் காட்டப்போவதில்லையாதலால், இப்பிழை என்றைக்கும் வெளிப்படாது. பப்பாளியில் அதே தவறு நேர்ந்தால், ஆண் செடி பெண்ணென்று கொள்ளப்பட்டுத் தோட்டத்தில் தங்கும். சில மாதங்களில் பூத்ததும் பிழை தெரிந்துவிடும். ஆகையால் ஜாதிக்காயில் கோடு தோன்றாமையை மட்டும் ஆதாரமாகக் கொண்டு கன்றை அழித்தல் தகாது. பெண்ணுக்கொரு கோடும், எல்லா மரங்களுக்கும் பொதுவான சாட்சிக் கோடும் ஒரே பரீட்சையில் காணப்படவேண்டும். சாட்சிக் கோடு தோன்றிப் பெண் கோடு தோன்றாதிருந்தால், டி.என்.ஏ.வும் நொதியும் சரியாயிருந்தன என்பது உறுதிப்படும். சாட்சிக் கோடும் தோன்றாவிடில் பரீட்சை நடைபெறவேயில்லை என்று கொள்ளவேண்டும். ஓரெழுத்து மாற்றத்தால் பெண் கோடு மட்டும் மறைந்திருக்கும் ஐயம் சாட்சிக் கோட்டாலும் நீங்காது. தாய் மரத்தையும் அதன் வழியில் வந்த, பால் தெரிந்த மரங்களையும் உடன் சோதிப்பதே அதற்குப் பரிகாரம்.

விவசாயிகள் கவனிக்கத்தக்கவை

(1) புதிதாக ஜாதிக்காய் நடுவோர்க்கு ஒட்டுக்கன்றே இன்றும் உறுதியான வழி. நன்கு காய்க்கும் பெண் மரத்தின் கிளையை ஒட்டிய கன்று பெண்ணாகவே இருக்கும். விதைக்கன்றினும் முன்னரே காய்க்கவும் செய்யும். பக்கக்கிளையிலிருந்து எடுத்த ஒட்டுத் தாழ்ந்து படரும். நேர்க்கிளையிலிருந்து எடுத்தது நிமிர்ந்து வளரும். இதனை விசாரித்து வாங்குதல் நன்று.

(2) விதைக்கன்றுகளைப் பரீட்சைக்கு அனுப்புவோர், முதிராத இளந்தளிர் இலையைக் கன்றுக்கொன்றாகத் தனித்தனி உறையில் இட்டு, கன்றின் எண்ணை உறையிலும் கன்றிலும் தவறாமல் குறிக்கவேண்டும். உறை மாறினால், எவ்வளவு திருத்தமான பரீட்சையும் பயன்படாது.

(3) பூத்துப் பால் தெரிந்த ஆண் மரம் இரண்டின் இலைகளையும் பெண் மரம் இரண்டின் இலைகளையும் உடன் அனுப்புதல் அவசியம். கூடுமானால் அவை விதை எடுத்த தோட்டத்து மரங்களாகவே இருக்கட்டும். பால் தெரிந்த மரங்களில் சரியான விடை தராத பரீட்சை, தெரியாத கன்றுகளில் தரும் விடையை ஏற்றுக்கொள்ள இயலாது.

(4) சாட்சிக் கோடு வைக்கப்பட்டதா, பிரைமர் எத்தனை எழுத்துடையது, ஒட்டவைத்த உஷ்ணம் எவ்வளவு, பரீட்சை இருமுறை நடத்தப்பட்டதா என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டறியவேண்டும். பத்தெழுத்துப் பிரைமரைக் கொண்டு ஒருமுறை மட்டும் பார்த்த முடிவை நம்பித் தோட்டத்தைத் திருத்துதல் கூடாது.

(5) ஆணென்று விடை வந்த கன்றையும் உடனே பிடுங்கவேண்டுவதில்லை. அதனை வேராகக் கொண்டு பெண் மரத்துக் கிளையை ஒட்டிக் கொள்ளலாம். விடை சரியாயின் ஆண் கன்று பெண்ணாக மாறிற்று; விடை தவறாயினும் பெண் கன்று பெண்ணாகவே நின்றது. வளர்ந்து பூத்த ஆண் மரங்களையும் இவ்வாறே கிளை வெட்டி, பெண் ஒட்டுப் போட்டுத் திருத்திக் கொள்ளலாம். பத்துக்கு ஒன்று வீதம் ஆண் மரங்களை மட்டும் தோட்டத்தில் பரவலாக விட்டுவைத்தல் வேண்டும்.

பர்லியாரின் உயரத்திற்குக் கீழே சமவெளியின் வறட்சியிலும், மேலே குன்னூரின் குளிரிலும் ஜாதிக்காய் செழிப்பதில்லை. அதன் பாலறியும் பிரைமரும் அவ்வாறே தனக்குரிய உஷ்ணத்தில், தனக்குரிய எழுத்துக்களின்மேல்தான் உண்மை சொல்லும். எட்டாண்டு உழைப்பை அதன் சொல்லுக்கு ஒப்படைக்குமுன், அவ்விரண்டும் அமைந்திருந்தனவா என்று விசாரித்தறிதல் பயிரிடுவோர் கடமையாகும்.